காலத்தின் அருமை கண்ட தாமோதரம்பிள்ளையவர்கள்

நேரமில்லை என்னும் சொல் நம் சங்கத்துக் கூட்டங்களில் இக்காலத்து அடிக்கடி கேட்கப்படுகின்றது. தேவார வகுப்புக்கு வரச் சொன்னாலும், நூல்நிலையத்துப் புத்தகங்களை ஒழுங்குபடுத்த வரச் சொன்னாலும், இளைஞர் பலர் கூறும் மறுமொழி அதுவே. அவர்கள் பொய் சொல்கின்றனர் என்று நாம் எண்ணவில்லை. காலையில் பஸ் ஏறிக் கந்தோருக்குப் போய்ப் பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் ஒருவனுக்கு மிஞ்சுவது சொற்ப நேரமே. பெரியவர்களிலும் சிலர், எல்லாவற்றையும் பென்சன் எடுத்தபின் செய்து முடிக்கலாம் என்று ஒத்திவைத்துக்கொண்டே வருகின்றனர். ஆகையால், ஆயுளின் பெரும்பகுதியை உத்தியோகத்திலேயே கழித்தும் தமிழுலகம் மறக்கலாகாத ஒரு தொண்டைச் செய்துவைத்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்க்கையை இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

பிள்ளையவர்கள் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் நாள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே பிறந்தார். தந்தையார் வைரவநாதபிள்ளை. தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்துப் பாடங்கேட்டார். ஆங்கிலக் கல்வியைத் தெல்லிப்பழை மிஷன் பாடசாலையிலும் பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பெற்றார். அக்காலத்தில் உயர்ந்த ஆங்கிலக் கல்வி வேண்டுவோர்க்கு மிஷன் பாடசாலையன்றி வேறு வழி அரிது. அவ்வழியே சென்ற பிள்ளையவர்கள் பிற்காலத்திற் சைவராய் வாழ்ந்து, சைவ மகத்துவம் என்னும் நூலையும் இயற்றினார் என்பது நம் போன்ற சங்கத்தார்க்கு நினைக்குந்தோறும் உவப்பளிப்பது.

கோப்பாயிலே ஆசிரியராகத் தொழில் தொடங்கியவரைப் பேர்சிவல் பாதிரியார் சென்னைக்கு அழைத்துத் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தும் பணியில் அமர்த்தினார். 1854இல், இருபத்திரண்டு வயதளவில், நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார். சென்னை இராசதானிக் கல்லூரியிற் கற்பித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் நடந்த முதலாவது பி. ஏ. பரீட்சையில் தேறியவர் இருவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர். சில காலம் கள்ளிக்கோட்டை அரசினர் கல்விச்சாலையில் ஆசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச் சாலையிற் புகுந்தார். அங்கே விசாரணைக் கர்த்தர் என்னும் பொறுப்பான பதவியை வகித்து, 1882 வரை அரசாங்க சேவையில் இருந்தார்.

கணக்குச் சாலை உத்தியோகம் எத்தகையது என்பதைக் கந்தோர் அனுபவமுடையார் அறிவர். கூட்டற்பிழை ஒன்று நேர்ந்தால் நாள் முழுதும் அதன் பின்னே ஓடவேண்டும். மாதக் கடைசியும் வருடக் கடைசியும் ஒருவருக்காகவும் காத்திரா. அத்தகைய உத்தியோகத்தில் இருந்துகொண்டே, 1868இல், ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதிக்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். 1871இல், நாற்பதை அணுகும் வயதில், சட்டம் படித்துப் பி. எல். பட்டமும் பெற்றார். சொந்த ஊரை மறவாது ஏழாலையில் ஒரு பாடசாலையையும் நிறுவினார்.

ஆயினும், அவர் பதிப்பித்த நூல்களின் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்க்கு ஒன்று புலப்படும். 1868இற் சொல்லதிகாரம் வெளிவந்தபின், அடுத்த பெரும் பதிப்பாகிய வீரசோழியம் வெளிவந்தது 1881இலேதான். நடுவே பதின்மூன்று ஆண்டுகள். அதன்பின் 1892 வரையுள்ள பதினோராண்டுகளிலோ, தணிகைப் புராணம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, இலக்கண விளக்கம், சூளாமணி, எழுத்ததிகார நச்சினார்க்கினியம், சொல்லதிகார நச்சினார்க்கினியம் என்று ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. இவ்வளவும் ஒரே நாளில் எண்ணி ஒரே நாளில் எழுதிய காரியங்கள் அல்ல. பல ஊர்ப் பிரதிகளைத் தேடிப் பெறவும், அவற்றை ஒத்துப் பார்க்கவும் பல்லாண்டு செல்லும். முன்னே விதைத்ததையே பின்னே அறுத்தார் என்பது எம் கருத்து. உத்தியோக காலம் வெறுங்காலமாய்ப் போயிற்று என்று கொள்வது பொருந்தாது.

பிள்ளையவர்களைத் துரத்திய அவசரம் இன்னதென்று இங்கே சற்று விரித்துச் சொல்லவேண்டும்.

பனையோலை ஏடு சாகாத பொருள் அன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும், செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பி, ஓர் ஏடு சில தலைமுறைகள் இருக்கும். அது பழுதாகுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதிவிட வேண்டும். அப்படிப் பெயர்த்தெழுதுவோர் இருந்தவரையிற் பழைய நூல்கள் பிழைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பள்ளிக்கூடங்களும் அச்சுப் புத்தகங்களும் பரவ, ஏடெழுதுவோர் குறைந்தனர். அச்சில் வந்த நூலை மக்கள் படித்தனர். அச்சில் வாராத நூலைப் பெயர்த்தெழுதவும் ஆளில்லை, படிக்கவும் ஆளில்லை. பரண்மேற் கிடந்த கட்டுகள் வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு போயின. எஞ்சியவற்றையும் கையில் எடுத்தால் ஓரம் உதிரும், நூற்கயிற்றைத் தளர்த்தினால் ஓலை ஒடியும் என்னும் நிலை. இந்நிலையைக் கண்டு பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளில் மனமுருகி எழுதியிருக்கின்றார். அவற்றைப் படிப்பவர் இன்றும் கலங்குவர்.

கிடைத்த ஏட்டைப் படிப்பதும் இலேசான காரியமன்று. பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறிலும் நெடிலும் வேறுபடா. கொடு என்பதும் கோடு என்பதும் ஒன்றாகவே தோன்றும். ரகரமும் காலும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளியில்லை. செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கிற்று என்பதும் தெரியாது. எழுதியவன் கைப்பிழை வேறு. கலித்தொகையிலே கடவுள் வாழ்த்தையுஞ் சேர்த்துப் பாட்டு நூற்றைம்பது. நாளொன்றுக்கு ஒரு பாட்டாக ஒரு பிரதியை மட்டும் படித்தாலே ஐந்து மாதம் ஆகும். பிரதிகள் நான்கைந்து இருந்து, உரையையும் ஒத்துப் பார்ப்பதாயின் எத்தனை இராக்காலம் வேண்டும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்க. பகலிற் கணக்கேடு, இரவிற் பனையேடு. முன்னதிற் பழகிய கண்ணும் பொறுமையும் பின்னதற்கு உதவின என்றே நாம் நினைக்கின்றோம். தொகைக்குத் தொகை ஒப்பிட்டுப் பிழை காணும் பழக்கத்துக்கும், பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டுப் பாடம் காணும் பழக்கத்துக்கும் தூரம் அதிகமில்லை.

இனி, எதை முன்னே செய்வது, எதை விடுவது என்பதில் அவர் கைக்கொண்ட முறையைப் பார்ப்போம். பலரும் கற்கும் நூல்கள், அச்சிற் பலமுறை வந்த நூல்கள் எத்தனையோ இருந்தன. அவற்றைத் திருத்தி வெளியிட்டிருந்தால் விற்பனையும் உண்டு, புகழும் உண்டு. பிள்ளையவர்கள் தம் உழைப்பின் பெரும்பகுதியை அவற்றிற் செலுத்தவில்லை. இன்று விட்டால் நாளை இல்லாமற்போகும் என்று தோன்றியவற்றையே தேடிப் பிடித்தார். வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரர் செய்த இலக்கணம். சூளாமணி சமணராகிய தோலாமொழித்தேவர் பாடிய காப்பியம். சைவராகிய பிள்ளையவர்கள் அவ்விரண்டையும் அச்சேற்றினார். காப்பவரில்லாத நூல் யார் சமயத்ததாயினும் முதலிற் காக்கத்தக்கது என்று அவர் கொண்டமை, சமய வாதங்களிலே பொழுதைப் போக்கும் நம்மவர் சிலர் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885இல் அவரால் அச்சாயிற்று. எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதல் அச்சேறியது அவர் 1887இல் வெளியிட்ட கலித்தொகையே.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து நீங்கியபின் ஓய்ந்திருந்தாரா என்றால் அதுவும் இல்லை. கும்பகோணத்திலே வழக்கறிஞராய்த் தொழில் நடத்தினார். அவ்வூர்க் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்தவர் உ. வே. சாமிநாதையரவர்கள். ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளையவர்களுக்கும் அந்நூலைப் பதிப்பிக்க வேண்டும் என்னும் ஆசை இருந்தது. ஐயரிடம் பிரதியைக் கேட்டதும் உண்டு. வயதிலும் பதவியிலும் மூத்தவர் கேட்கும்போது மறுப்பது ஐயருக்கு எளிதாயிராது. எனினும், தாமே பதிப்பிப்பது என்று அவர் துணிந்தார். 1887ஆம் ஆண்டிலே சிந்தாமணி ஐயர் பதிப்பாகவும், கலித்தொகை பிள்ளையவர்கள் பதிப்பாகவும் வெளிவந்தன. அதைப் பிள்ளையவர்களுக்கு நேர்ந்த நட்டமாக நாம் எண்ணவில்லை. சிந்தாமணிக்குத் தக்க ஒருவர் கிடைத்துவிட்டார். பிள்ளையவர்களின் காலம் வேறு நூல்களுக்கு மிஞ்சிற்று. ஒருவரே இரண்டையும் சுமந்திருந்தால் ஒன்றாவது பிந்தியிருக்கும்.

1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாயிருந்தார். வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பெழுதும் வேலையின் பாரத்தை விளக்க வேண்டுவதில்லை. கலித்தொகை வெளிவந்த ஆண்டிலேயே அப்பதவி வந்தது. இலக்கண விளக்கமும் சூளாமணியும் 1889இல், அப்பதவிக்காலத்திலேயே வெளிவந்தன. உத்தியோகம் ஓயட்டும் என்று காத்திருந்தவராயின் இவ்விரு நூல்களும் அவ்வாண்டு வெளிவந்திரா. காத்திருக்கும் வேலை எது, காத்திராத வேலை எது என்று ஒவ்வொரு பருவத்திலும் அவர் பிரித்தறிந்தார் என்பதற்கு இவ்வாண்டுகளைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? அரசாங்கம் 1895இல் இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தது.

தனியொருவராய் எல்லாஞ் செய்தார் என்று எழுதுவது அவருக்கே ஒவ்வாது. ஏடு வைத்திருந்தவர்களிடத்து இரந்து பெற்றார். தமக்குத் தெரியாத இடத்தைத் தெரிந்தவரிடம் கேட்டார். நாவலரவர்கள் இருந்தவரை அவர்கள் பரிசோதனையை நாடினார். உதவினோரைத் தம் பதிப்புரைகளில் நன்றியோடு பாராட்டினார். அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் தம் கைப்பொருளைச் செலவிட்டார். புத்தகம் விற்ற பணம் போட்ட பணத்துக்கு ஈடாகவில்லை. அக்காலத்துத் தமிழர் அவருக்குச் செய்த கைம்மாறு போதாது என்பதை நாம் ஒளியாமற் சொல்லவேண்டும். பெருஞ்செல்வரும் மடங்களும் நிறைந்த ஒரு நாட்டிலே, சம்பளக்காரர் ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு தொல்காப்பியத்தை அச்சிட நேர்ந்தது பெருமைக்குரியதா, வெட்கத்துக்குரியதா என்பதைப் பெரியோர்கள் தீர்மானிப்பார்களாக.

விரைந்து செய்த வேலையில் குறை இல்லையா என்று கேட்பவரும் உண்டு. உண்டு. 1885ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பிலே, உரை முழுவதும் நச்சினார்க்கினியருடையது என்று பிள்ளையவர்கள் கொண்டு அவ்வாறே அச்சிட்டார். எல்லா ஐயமும் தீர்ந்தபின்பே அச்சிடுவேன் என்று அவர் இருந்திருக்கலாம். அப்படியிருந்தால், இருந்த ஏடுகளும் இற்று, அவர் காலமும் முடிந்திருக்கும்.

1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாந் தேதி பிள்ளையவர்கள் சென்னையிற் சிவபதம் அடைந்தார். அவ்வாண்டு செப்டெம்பரிலே பாண்டித்துரைத் தேவரவர்கள் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் நடத்திய செந்தமிழ் என்னும் இதழிலே ரா. இராகவையங்காரவர்கள் ஆராய்ந்து, மெய்ப்பாட்டியல் முதலாகிய இறுதி நான்கு இயல்களுக்கும் அச்சிட்டிருந்த உரை நச்சினார்க்கினியருடையதன்று, பேராசிரியருடையது என்று நிறுவினார். ஏட்டிலே கிடந்தவரை ஒரு சிலர் கண்ணிற்கு மட்டும் பட்ட அவ்வுரை, பிள்ளையவர்கள் அச்சிற் கொணர்ந்து பதினாறு பதினேழு ஆண்டுகளாய்த் தமிழ் படிப்போர் கைகளில் இருந்துவந்தது.