பியேர் பெசியே

பியேர் எத்தியேன் பெசியே (செப்டம்பர் 1, 1910 – நவம்பர் 25, 1999) பிரான்சு நாட்டைச் சேர்ந்த பொறியியலாளர் ஆவார். கணினிவழி வடிவமைப்பு, கணினிவழி உற்பத்தி ஆகிய துறைகளின் முன்னோடிகளுள் ஒருவர். வளைந்த வடிவங்களைச் சில புள்ளிகளால் குறிக்கும் முறையை ரெனோ தானுந்து நிறுவனத்தில் உருவாக்கிப் பரப்பினார். அவ்வளைவரைகள் இவர் பெயரால் பெசியே வளைவரைகள் எனப்படுகின்றன.

வாழ்க்கைக் குறிப்பு

பெசியே பாரிசு நகரில் பொறியியலாளர் குடும்பத்தில் பிறந்தார். 1930இல் இயந்திரப் பொறியியலிலும், 1931இல் மின்பொறியியலிலும் பட்டம் பெற்றார். 1933இல் ரெனோவில் சேர்ந்த இவர், 1975இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் போர்க்கைதியாக இருந்தபோதும் தானியங்கிப் பொறிகளைப் பற்றிய சிந்தனையை இவர் கைவிடவில்லை. போருக்குப் பின், ரெனோ 4சிவி தானுந்தின் உறுப்புகளை ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குத் தானாக நகர்த்திக் கடையும் பொறி வரிசைகளை அமைத்தார்.

சிக்கல்

அக்காலத்தில் தானுந்தின் உடற்பகுதி முதலில் ஓவியமாகவும், பின்னர்க் களிமண் உருவாகவும், அதன்பின் மர வார்ப்புருக்களாகவும் செய்யப்பட்டது. ஒவ்வொரு படியிலும் சிறு பிழை கூடியது. இறுதியில் மூல மாதிரி ஒன்றே அனைத்துக்கும் அளவுகோலாக இருந்தது. ஆனால் அதுவும் காலப்போக்கில் கோணக்கூடியது. எந்த வடிவம் சரியானது என்பதைக் கைத்திறனின் கணிப்பே முடிவு செய்தது. வடிவத்தை எண்களாலேயே வரையறுத்தால், வரைபவர், அச்சு செய்பவர், உறுப்பு வழங்குபவர் ஆகிய அனைவருக்கும் ஒரே வரையறை இருக்கும் என்று பெசியே கருதினார். 1960 முதல் இம்முயற்சியில் ஈடுபட்டார். இதன் விளைவான யூனிசர்ஃப் அமைப்பு 1968இல் பயன்பாட்டுக்கு வந்தது.

பெசியே வளைவரை

இதன் பரவலாகப் பயன்படும் வடிவில் நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உள்ளன. வளைவரை முதற்புள்ளியில் தொடங்கிக் கடைசிப் புள்ளியில் முடியும். இடையிலுள்ள இரண்டும் வளைவரையைத் தம் பக்கம் இழுக்கும். பொதுவாக வளைவரை அவற்றின் வழியே செல்வதில்லை. புள்ளிக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாமல் வளைந்து செல்வதை இதற்கு ஓரளவு ஒப்பிடலாம். வளைவரையின் ஒவ்வோர் இடமும் 0 முதல் 1 வரை மாறும் ஒரு துணையலகால் கணக்கிடப்படுகிறது. கணிதம் அறியாத வடிவமைப்பாளரும் புள்ளியை நகர்த்தி வடிவத்தை மாற்றலாம். அதே எண்களைக் கொண்டு கடைசல் பொறி மாதிரியைச் செதுக்கும்.

சித்ரோன் நிறுவனத்தில் பால் தெ காசுத்தெல்யோ 1959இலேயே இத்தகைய வளைவரைகளைக் கண்டிருந்தார். அந்நிறுவனம் அதனை இரகசியமாக வைத்திருந்தது. பெசியே தம் முறையை வெளியிட்டதால் வளைவரை அவர் பெயரைப் பெற்றது. அவ்வளைவரையைக் கணக்கிடும் படிமுறை இன்று தெ காசுத்தெல்யோவின் பெயரால் வழங்குகிறது.

பீங்கான் தொழிலும் பெசியே முறையும்

1975இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டியைப் பெசியே பரப்புகளால் கணினியில் அமைத்தார். அது கணினி வரைகலையின் புகழ்பெற்ற சோதனை மாதிரியாயிற்று.

கடலூர் மாவட்டத்தில் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைக் கொண்டு இம்முறையின் பயனை விளக்கலாம். களிமண் கூழை பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றிச் செய்யும் பொருள் உலரும்போதும் சூளையில் சுடும்போதும் சுருங்கும். எடுத்துக்காட்டாக, மொத்தச் சுருக்கம் 10 விழுக்காடு எனில், 100 மில்லிமீட்டர் உயரக் கோப்பைக்கு அச்சின் மூல மாதிரி சுமார் 111.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மண் கலவை மாறிச் சுருக்கம் 12 விழுக்காடானால் அது சுமார் 113.6 மில்லிமீட்டராகும். கையால் செய்தால் மாதிரியைப் புதிதாகச் செதுக்க வேண்டும். 1980களின் இறுதியில் பரவத் தொடங்கிய துணையலகுசார் மாதிரியாக்க மென்பொருள்களில் உயரம், விட்டம், சுருக்கம் முதலியன மாறிகளாக இருக்கும். ஓர் எண்ணை மாற்றினால் முழு வடிவமும், செதுக்கும் பொறிக்கான கட்டளைகளும் புதிதாகக் கணக்கிடப்படும். ஒருவர் கேட்கும் தனி அளவுக்கேற்ப மாதிரி செய்வதும் இவ்வாறு எளிதாகிறது. ஆயினும் சுருக்கத்தின் அளவை மென்பொருள் தானாக அறியாது. சோதனைத் துண்டுகளைச் சுட்டு அளந்து அந்த எண்ணைத் தருபவர் சூளையறிந்த தொழிலாளியே.

பிற்காலம்

பெசியே 1968 முதல் 1979 வரை பாரிசிலுள்ள தேசியக் கலை, தொழில் கல்விக்கூடத்தில் உற்பத்திப் பொறியியல் பேராசிரியராக இருந்தார். ஓய்வு பெற்றபின், 1977இல் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1985இல் கணினி வரைகலைக்கான சுடீவன் கூன்சு விருது இவருக்கு வழங்கப்பட்டது.

தானுந்துக்காக உருவான இவரது வளைவரைகள் இன்று எழுத்துருக்களிலும் பயன்படுகின்றன. கணினித் திரையில் காணும் தமிழ் எழுத்துகளின் சுழிகளும் கொம்புகளும் பெரும்பாலும் இத்தகைய வளைவரைகளாலேயே வரையப்படுகின்றன.