எவரெஸ்டிலிருந்து நெய்யூருக்கு வந்த டாக்டர்

குழித்துறைப் பக்கத்தில் யாருக்காவது தீராத வயிற்று நோவு கண்டால், அந்தக் காலத்தில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போவார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவர் பெயர் சாமர்வெல்.

அவர் சாதாரண ஆள் அல்ல. எவரெஸ்ட் மலையில் சுமார் 28 ஆயிரம் அடி உயரம் வரை ஏறிய வீரர்!

1890-ம் ஆண்டு இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்குக் காலணித் தொழில். மகனோ டாக்டருக்குப் படித்தார். முதல் உலகப் போரில், பிரான்ஸ் நாட்டுப் போர்க்களத்தில் குண்டடிபட்டவர்களுக்கு இரவு பகலாக ஆபரேஷன் செய்தார்.

1922-ல் எவரெஸ்ட் ஏறப் போனார். பனிச்சரிவில் சுமை தூக்கிய 7 பேர் மாண்டு போனார்கள். உச்சியைத் தொடாமலே திரும்பினார்கள். பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தெற்குக் கோடியில் நெய்யூருக்கு வந்தார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்துக் கிடந்தார்கள். ஆபரேஷன் செய்யத் தெரிந்தவரோ ஒருவர்தான்! லண்டன் உத்தியோகத்தை உதறிவிட்டு, அடுத்த ஆண்டே நெய்யூரில் குடியேறினார்.

1924-ல் மறுபடியும் எவரெஸ்ட் போனார். திரும்பி இறங்கும்போது, குளிரில் வெந்து போன தொண்டைச் சதை பிய்ந்து மூச்சை அடைத்தது. சாவு கண்முன் நின்றது. இரண்டு கைகளாலும் நெஞ்சை அழுத்தினார். சதை வெளியே வந்து விழுந்தது. பிழைத்தார்!

நெய்யூரில் அவருக்குப் பெரிய சவால் வயிறுதான். வலி என்று வருகிறவர் எல்லோருக்கும் ஒரே நோயா? பசிக்கும்போது வலித்து, சாப்பிட்டதும் அடங்கினால் பெரும்பாலும் குடற்புண். நேற்றுத் தின்றது இன்று வாந்தியில் வந்தால், இரைப்பையின் வாய் அடைபட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் வயிற்றை அசைத்தால், பானைத் தண்ணீர்போல் உள்ளே சளக் சளக்கென்று கேட்கும். பசியே இல்லாமல், உடம்பு மெலிந்து, கைக்குக் கட்டி தட்டுப்பட்டால் புற்றுநோயோ என்று பயப்பட வேண்டும். ஆனால் நாட்பட்ட புண்ணும் கட்டிபோலத் தடித்துவிடும். குடல் காசநோயும் அப்படியே ஏமாற்றும். எக்ஸ்ரே ஓரளவு உதவும். ஸ்கேன் அப்போது ஏது? சில சமயம் வயிற்றைத் திறந்த பிறகே உண்மை தெரியும். புண் என்றால் பிழைக்க வழி உண்டு. புற்று என்றால் வீட்டாருக்கு என்ன சொல்வது?

அடைபட்ட இரைப்பையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்து, உணவுக்குப் புது வழி உண்டாக்கினார். குடற்புண் நோயாளிகள் 2,500 பேரிடம் கண்டதை, சக டாக்டர் ஓர் என்பவருடன் சேர்ந்து 1936-ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார். இந்த வட்டாரத்தில் மட்டும் ஏன் இத்தனை குடற்புண்? மரச்சீனிக் கிழங்குச் சாப்பாட்டின் மீது சந்தேகம் விழுந்தது. வயிற்றுக்குள் வாழும் ஒரு கிருமிதான் முக்கியக் காரணம் என்பது 1980-களில்தான் வெளிப்பட்டது. பாவம், மரச்சீனி!

சாமர்வெல் 1949-க்குப் பின் வேலூர் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். 1961-ல் தாய்நாடு திரும்பி, 1975-ல் 84-வது வயதில் காலமானார்.

இன்று குடற்புண் மாத்திரையிலேயே ஆறிவிடுகிறது. புண்ணா, புற்றா என்ற சந்தேகம் வந்தால், கேமரா பொருத்திய குழாயை வாய் வழியாக இறக்கி, சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதிக்கிறார்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் இப்போது புற்றுநோய்க்கென்றே தனி மையம் இருக்கிறது.