துரை வீட்டு மேசையில் இடம் கேட்டவர்: பேராயர் அசரியாவின் வாழ்க்கை

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்களுக்குத் துரை பங்களாவின் பின்வாசல் நன்றாக நினைவிருக்கும். மேட்டில் பங்களா, கீழே லயங்கள், இரண்டுக்கும் நடுவில் கிராணி வீடு. துரை நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். தீபாவளிக்கு ஆடு வாங்கித் தந்திருக்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்து மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் சாப்பிடும் மேசையில் ஒரு பால்மரத் தொழிலாளி உட்கார்ந்து சாப்பிட்டான் என்று எந்தத் தாத்தாவும் கதை சொன்னதில்லை.

அந்த மேசையைப் பற்றி 1910ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு மாநாட்டில் எழுந்து நின்று பேசியவர் ஒரு தமிழர். அப்போது அவருக்கு 35 வயது. இளைஞர் ஊழியராக ஊர் ஊராக அலைந்தவர். பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிற்காலத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று வரலாற்றில் இடம்பெற்றவர்.

திருச்செந்தூர் பக்கத்துப் பனங்காட்டு ஊர்களில் ஒன்றான வெள்ளாளன்விளையில் 1874 ஆகஸ்டு 17ஆம் தேதி பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் நாடார் சமூகத்து வியாபாரி. 1839இல் கிறிஸ்தவராகி, பின்னர் அதே வட்டாரத்தில் கிராமக் குருவானவராகப் பணி செய்தவர். பனையேறிப் பிழைத்தவர்கள் என்பதால் கோயில் வாசல் மறுக்கப்பட்டிருந்த சமூகம் அது. தாய் எல்லன் மிகவும் கண்டிப்பானவர். மகனின் படிப்பிலும் ஜெபத்திலும் கொஞ்சமும் சலுகை காட்டாதவர். இந்த இரண்டும், அதாவது அவமதிப்பின் நினைவும் அம்மாவின் கண்டிப்பும், அசரியாவின் குணத்தில் கடைசிவரை இருந்தன.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டதால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். ஒரு தாளில் தவறிவிட்டாலே வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் நம் ஊரில் இன்றும் உண்டு. பட்டம் இல்லாத அந்த இளைஞருக்கு 1920ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது என்பதை அவர்களுக்காகவே இங்கே சொல்லி வைக்கலாம்.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளரானார். பிரிக்பீல்ட்சில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைக் கடந்து போகிறவர்களுக்கு அது தங்கும் விடுதியாகவும் விளையாட்டுக் கூடமாகவும்தான் தெரியும். அந்தக் காலத்துத் தென்னிந்தியாவில் அதன் செயலாளர் வேலை என்பது இன்றைய இளைஞர் போதகர் வேலைதான். கல்லூரி மாணவர்களையும் இளம் குமாஸ்தாக்களையும் கூட்டி வைத்து வேதம் படிப்பது, அவர்களுடைய சந்தேகங்களுக்குப் பதில் சொல்வது, அவர்களோடு ஜெபிப்பது, மறுநாள் அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவது. சுமார் 14 ஆண்டுகள் இதுதான் அவருடைய வாழ்க்கை.

அந்த நாள்களில்தான் அமெரிக்கரான ஷெர்வுட் எடி அவருக்கு நண்பரானார். வசதியான குடும்பத்தில் பிறந்த எடி 1896இல் இந்தியாவுக்கு வந்தவர். தமிழைக் கற்றுக்கொண்டு கிராமங்களில் தமிழிலேயே பேசினார். இருவரும் சேர்ந்தே பயணம் செய்தார்கள், சேர்ந்தே ஜெபித்தார்கள். வெள்ளைக்காரரும் தமிழரும் சமமாகப் பழக முடியும் என்பது அசரியாவுக்கு வெறும் கொள்கையாக இருக்கவில்லை, அனுபவமாக இருந்தது. பின்னாளில் எடின்பரோவில் அவர் பேசியதைப் புரிந்துகொள்ள இது முக்கியம். கிடைக்காத ஒன்றை அவர் கற்பனை செய்து கேட்கவில்லை. ஒருவரிடம் கிடைத்தது ஏன் மற்றவர்களிடம் கிடைக்கவில்லை என்றுதான் கேட்டார்.

1898இல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிக்குச் சென்ற முதல் சிலரில் அவர் ஒருவர். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களிடமும் வரதட்சணை வழக்கம் வேரூன்றியிருந்த காலத்தில் அசரியா அதை வாங்க மறுத்தார். ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள். பின்னாளில் கிராமப் பெண்களிடையே நடந்த பணியைப் பெரும்பாலும் தாங்கியவர் அன்பு அம்மையார்தான்.

1902இல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள். ஆனால் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தொண்டிப் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். (ஏறக்குறைய அதே காலத்தில்தான் அதே யாழ்ப்பாணம் மலாயா ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் கிராணிமார்களை அனுப்பிக்கொண்டிருந்தது. கோலாலம்பூர்ப் பட்டணத்துக் குடும்பங்கள் பலவற்றின் வேர் அங்கேதான்.) திருநெல்வேலியில் இத்தனை சபைகள் இருந்தும் எல்லாவற்றுக்கும் லண்டனைப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்ற வெட்கம் அவரைப் பிடித்துக்கொண்டது.

மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் ஏற்பாடு. சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கும் பழக்கம் திருநெல்வேலிச் சபைப் பெண்களிடம் இருந்தது. வெளிநாட்டுக் காசோலை இல்லாமல் ஒரு சங்கம் நிற்க முடிந்தது என்றால் அது இப்படிப்பட்ட கைகளால்தான். மாதச் சம்பளத்தில் வெள்ளிக் கணக்கில் பிடித்துக் கோயிலும் பள்ளியும் கட்டிய தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1905 கிறிஸ்துமஸ் நாளில் வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானதிலும் அசரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்திய மிஷனெரி சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தோர்னக்கல். நிஜாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில், காட்டுக்கு நடுவே ஒரு ரயில் சந்திப்பு. இன்று தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது. பேசும் மொழி தெலுங்கு. ஆட்களை அனுப்பிவிட்டுத் தான் பட்டணத்தில் இருப்பது அசரியாவுக்குச் சரியாகப் படவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்று, குடும்பத்தோடு அங்கே போய்விட்டார்.

அடுத்த ஆண்டு வந்தது எடின்பரோ அழைப்பு.

1910 ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் ஏறக்குறைய 20 பேர்தான். அந்தக் கூட்டத்தில், வெளிநாட்டு ஊழியர்களுக்கும் உள்நாட்டு ஊழியர்களுக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிப் பேசும் பொறுப்பு அசரியாவுக்குக் கிடைத்தது. பாராட்டிப் பேசிவிட்டு இறங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மேசையைப் பற்றிப் பேசினார். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து உழைத்தும், வெள்ளைக்கார ஊழியர் வீட்டில் ஒரு வேளை சாப்பிட அழைக்கப்படாத இந்திய ஊழியர்கள் இருக்கிறார்கள் என்றார். கைகுலுக்குவதற்குக்கூடத் தயக்கம் காட்டுகிறவர்களைச் சுட்டிக் காட்டினார். பணத்தைக் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள், அதற்கெல்லாம் இந்தியத் திருச்சபை நன்றி சொல்லும், ஆனால் நட்பைத் தருவதற்கு மட்டும் அவர்களுக்கு மனம் வரவில்லை என்பதே அவர் பேச்சின் சாரம்.

அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது. தங்களைக் கருணை உள்ளவர்கள் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. கொடுமைக்காரனிடம் நீ கொடுமைக்காரன் என்று சொல்வது ஒரு வகையில் எளிது. நன்மை செய்கிறவனிடம் உன் நன்மையில் மரியாதை இல்லை என்று சொல்வதுதான் கடினம்.

அந்த ஆண்டை மலாயாவில் இருந்தும் பார்க்கலாம். 1910இல்தான் ரப்பர் விலை உச்சத்துக்குப் போனது. இந்திய ஒப்பந்தக் கூலி முறை இங்கே முடிவுக்கு வந்ததும் அந்த ஆண்டுதான். அதற்குப் பிறகு கங்காணிகள் மூலம் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள்தான் வட சிலாங்கூர்த் தோட்டங்களைப் பெருமளவு நிரப்பினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 1917இல், பத்தாங் பெர்சுந்தை பக்கம் தென்னமரம் என்று தமிழிலேயே பெயர் கொண்ட தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அந்தப் பங்களாக்களின் மேசைகளைப் பற்றி எந்த மாநாட்டிலும் யாரும் பேசவில்லை.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். எதிர்ப்பு இல்லாமல் இது நடக்கவில்லை. ஓர் இந்தியருக்குக் கீழே ஐரோப்பியர் வேலை செய்வதா என்று மிஷனெரிகள் சிலர் கேட்டார்கள். திருநெல்வேலியில் இருந்தே ஆட்சேபம் சொன்ன தமிழர்களும் இருந்தார்கள். நம்மில் ஒருவன் உயரும்போது முதலில் எழும் குரல் எங்கிருந்து வரும் என்பது நமக்குப் புதிதல்ல. அவருக்காகப் பேசி வழி செய்தவர் சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட். முதலில் ஒதுக்கப்பட்ட தோர்னக்கல் மறைமாவட்டம் சிறியது, ஒதுக்குப்புறமானது. வெள்ளையர் அதிகம் இல்லாத இடம் என்பதும் அந்தத் தேர்வுக்கு ஒரு காரணம்.

இப்போது கேள்வி அவர் பக்கம் திரும்பியது. அவரைச் சுற்றியிருந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சமூகத்தவர். நிலம் இல்லாத கூலிகள், தோல் வேலை செய்பவர்கள், தீண்டாமையில் தள்ளப்பட்டவர்கள். படித்த, பதவியில் இருக்கும், வேற்று மொழிக்காரரான பேராயர் அவர்களுக்கு இன்னொரு துரையாகிவிடுவது மிகவும் எளிது. அந்த ஆபத்து அசரியாவுக்குத் தெரிந்திருந்தது என்பது அவர் வாழ்ந்த விதத்தில் தெரிகிறது. ஆண்டின் பெரும் பகுதியை மாட்டுவண்டியில் கிராமங்களைச் சுற்றுவதில் கழித்தார். சேரிகளுக்குள் போய் உட்கார்ந்து போதித்தார். மாலாவும் மாதிகாவும் தங்களுக்குள்ளேயே பந்தி பிரித்து உட்காரும் வழக்கம் இருந்தது. திருச்சபைக்குள் சாதிக்கு இடமில்லை என்று அவர் விடாமல் சொன்னார். அது முழுவதும் ஒழிந்துவிடவில்லை.

கிராம மக்களைப் பிடித்திருக்கும் பேய்கள் என்று அவர் நான்கைப் பட்டியலிட்டார்: அழுக்கு, நோய், கடன், குடி. தோட்டத்துக் கள்ளுக்கடையையும் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த நான்கும் பழக்கமான பெயர்கள்தான். கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், பள்ளிக்கூடம், அச்சகம் என்று தோர்னக்கல் மறைமாவட்டம் கிளை விட்டது இதற்காகத்தான். குருவானவர் பயிற்சிக்கு வந்தவர்களோடு மனைவிமார்களும் தங்கிப் படித்தார்கள். கிராமத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே பொருந்தாமல் போய்விடக் கூடாது என்று பயிற்சிக்கால வாழ்க்கையும் எளிமையாகவே வைக்கப்பட்டது. 1935 வாக்கில் 250 இந்தியக் குருமார்களும் 2,000க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் அவருடைய மறைமாவட்டத்தில் இருந்தார்கள். சபை மக்கள் தொகை சுமார் இரண்டு லட்சம்.

அசரியாவை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். நிர்வாகத்தில் அவர் கண்டிப்பானவர். முடிவுகளைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறவர். காந்தியோடு ஏற்பட்ட கருத்து வேறுபாடு இன்னும் பெரியது. இந்து மதத்தை விட்டு வெளியேறப் போவதாக அம்பேத்கர் 1935இல் அறிவித்த பிறகு, தாழ்த்தப்பட்டோர் மதம் மாறுவது குறித்து நாடு முழுவதும் விவாதம் எழுந்தது. அசரியாவின் மறைமாவட்டத்தில் நடந்த மதமாற்றங்களைக் காந்தி வெளிப்படையாகவே விமர்சித்தார். ஏழைகளுக்குத் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் அறிவு உண்டு என்பது அசரியாவின் நிலை. அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தேர்தல் தொகுதி வேண்டாம் என்றும் உறுதியாக இருந்தார். தன் மக்கள் நாட்டிலிருந்து ஒதுங்கி நிற்பதை அவர் விரும்பவில்லை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்பவர்கள் அவரைப் பாதிதான் சொல்கிறார்கள்.

தோர்னக்கல் பேராலயம் பல ஆண்டுகள் இழுத்து 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. கூம்பு கோபுரம் வைத்த ஆங்கிலேயக் கோயிலாக அது இல்லை. பள்ளிவாசலின் குவிமாடமும் இந்துக் கோயிலின் தூண் வேலைப்பாடும் அதில் கலந்திருக்கின்றன. அங்கே வழிபட வருகிறவர்களின் கண்ணுக்கு அந்நியமாக இருக்கக் கூடாது என்று நினைத்துக் கட்டியது.

வயதான பிறகும் கிராமப் பயணத்தை அவர் விடவில்லை. கடைசியில் காய்ச்சல் கண்டு, 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்னக்கலில் காலமானார். மலாயா அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. சயாம் ரயில் வேலைக்குப் போன தோட்டத்து ஆண்களில் பலர் திரும்பி வரவே இல்லை.

அவர் பாடுபட்ட திருச்சபை ஒன்றிப்பு, தென்னிந்தியத் திருச்சபை என்ற பெயரில் 1947 செப்டம்பரில் நிறைவேறியது. பார்க்க அவர் இல்லை. இறக்கும்வரை ஆங்கிலிக்கன் மறைமாவட்டம் ஒன்றைத் தலைமை தாங்கிய ஒரே இந்தியராகவே அவர் இருந்தார். அவருக்குப் பின் தோர்னக்கல் பேராயர் இருக்கைக்கு வந்தவர் ஆந்தனி எலியட் என்ற ஐரோப்பியர். 1935 முதல் பத்து ஆண்டுகள் அசரியாவுக்குக் கீழே துணைப் பேராயராக இருந்து வேலை பார்த்தவர் அவர்.