வாளெடுக்காமல் வென்ற சக்கரவர்த்தி

வாணிபம் செய்யும் நம்மவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். வழக்கென்று கோர்ட்டுப் படி ஏறினால் இரு தரப்பாருக்கும் நஷ்டமே. நடுவில் ஒரு நல்ல மனிதரை வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டால் இருவர் கையிலும் ஏதோ கொஞ்சம் மிஞ்சும். ஆனால் பேசித் தீர்த்துவிட்டு வீடு திரும்புகிறவரை வீட்டார் மெச்சுவதில்லை. விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிட்டாயே என்று ஏசுவார்கள். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஐரோப்பாவையே ஆட்டிவைத்த ஒரு சக்கரவர்த்திக்கும் இதே அனுபவம் நேர்ந்தது. அவர்தாம் இரண்டாம் பிரெடரிக். அவருடைய வரலாற்றில் நாம் மெச்சத்தக்கதும் உண்டு. மனம் வருந்தத்தக்கதும் உண்டு. இரண்டையும் சேர்த்தே அறிந்துகொள்வோம்.

அனாதைச் சிறுவன்

இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. பலெர்மோ அதன் தலைநகர். 1072-ல் பலெர்மோவும், 1091-க்குள் தீவு முழுவதும் நார்மானியர் கைக்குப் போயின. ஆயினும் அந்தக் கிறிஸ்தவ அரசர்கள் முஸ்லிம் எழுத்தர்களையும் கைவினைஞர்களையும் கணக்கர்களையும் தங்கள் அரண்மனையிலேயே வைத்துக்கொண்டனர். புகழ்பெற்ற பூகோள அறிஞர் அல் இத்ரீஸி, சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் ஆதரவில்தான் 1154-ல் தம் பூகோள நூலை முடித்தார்.

அந்த ரோஜரின் மகள் கான்ஸ்டன்ஸுக்கும், ஜெர்மனியின் சக்கரவர்த்தி ஆறாம் ஹென்றிக்கும் 1194 டிசம்பர் 26-ல் பிறந்தவர் பிரெடரிக். 1197-ல் தந்தை இறந்தார். 1198-ல் தாயும் இறந்தார். நாலு வயது நிறைவதற்குள் குழந்தை அனாதையாயிற்று. தாய் கேட்டுக்கொண்டபடி போப்பாண்டவர் மூன்றாம் இன்னொசென்ட் அவருக்குக் காப்பாளரானார். ஆனால் போப்பாண்டவர் இருந்தது ரோமில். பிள்ளை வளர்ந்தது பலெர்மோவில். தளபதிகளும் பிரபுக்களும் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டு நாட்டைக் கொள்ளையிட்டனர்.

அரபு, கிரேக்கம், லத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் அரசாங்கக் காரியங்கள் நடந்துவந்த நாடு அது. பள்ளிவாசலும் மாதா கோயிலும் யூதர்களின் ஆலயமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, வேற்று மதத்தவரைக் கண்டால் அச்சம் தோன்றவில்லை; ஆவலே தோன்றிற்று. அவருடைய வாழ்வில் பின்னர் நேர்ந்த நன்மைகளுக்கும் தொல்லைகளுக்கும் வித்து இங்கேதான் விழுந்தது.

பதினேழு வயதில், 1212-ல், ஒரு சிறு பரிவாரத்தோடு ஜெர்மனிக்குப் போனார். போட்டியாளர்களை வென்று 1215-ல் ஆகன் நகரில் முடிசூடினார். 1220-ல் ரோமில் சக்கரவர்த்திப் பட்டம் ஏற்றார். வடக்கே ஜெர்மனியும் தெற்கே சிசிலியும் ஒருவர் கைக்கு வந்தன. நடுவில் போப்பாண்டவரின் நாடு மாட்டிக்கொண்டது. இரு கைகளுக்கிடையே நசுங்கிவிடுவோமோ என்ற அச்சம் போப்பாண்டவர்களை அன்று முதல் வாட்டியது.

அறிவும் கணக்கும்

1224-ல் நேப்பிள்ஸ் நகரில் இவர் ஒரு பல்கலைக்கழகம் நிறுவினார். அது இன்றும் இவர் பெயரையே தாங்கி நடைபெறுகிறது. 1231-ல் மெல்பி என்னுமிடத்தில் சிசிலி நாட்டுக்கு ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கச் செய்து குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் மூட வழக்கத்தை அதில் ஒழித்தார். பரீட்சையில் தேறி அனுமதி பெறாதவர் வைத்தியம் செய்யக் கூடாது என்று விதித்தார். வேட்டைப் பருந்துகளைப் பற்றித் தாமே பெரியதொரு நூலை எழுதினார்.

நம் வணிகர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பைசா நகரத்து லியோனார்டோ என்பவரை உலகம் இன்று பிபொனாச்சி என்று அறியும். அவருடைய தந்தை, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள புஜாயா துறைமுகத்தில் பைசா வணிகர்களின் காரியங்களைக் கவனித்து வந்தார். மகன் அங்கே இந்திய எண்களைக் கற்றார். இந்தியாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாகச் சென்ற எண்கள் அவை. அப்போது ஐரோப்பிய வணிகர்கள் ரோம எழுத்துக்களால் எண்ணை எழுதி, காய்களை நகர்த்திக் கணக்குப் பார்த்து வந்தனர். 1202-ல் லியோனார்டோ எழுதிய நூல், சரக்கு விலை, நாணய மாற்று, கூட்டு வியாபாரத்தில் லாபப் பங்கீடு முதலியவற்றைப் புதிய எண்களால் போட்டுக் காட்டியது. பிரெடரிக் பைசாவுக்குச் சென்றபோது அவரை அழைத்து, தம் அரண்மனை அறிஞரைக் கொண்டு கடினமான கணக்குகளைக் கேட்கச் செய்தார். கணக்கனைச் சபைக்கு அழைத்து மரியாதை செய்த அரசர்கள் அக்காலத்தில் அதிகமில்லை.

ஆனால் வணிகர்களுக்கு அவர் எளிய எஜமானர் அல்லர். 1231-ல் நல்ல தங்க நாணயம் அடித்தார், அது மெச்சத்தக்கதே. அதே காலத்தில் உப்பு, இரும்பு, பட்டு முதலிய சரக்குகளை அரசாங்கத்தின் தனி உரிமையாக்கிக்கொண்டார். வெளியூர் வணிகர்கள் அரசாங்கக் கிடங்குகளில்தான் சரக்கை இறக்கித் தீர்வை செலுத்த வேண்டும். அந்தக் கிடங்குக்கு இத்தாலியர் வைத்த பெயர் பொந்தாக்கோ. புந்துக் என்ற அரபுச் சொல்லே அப்படி மருவிற்று. போர்ச் செலவு ஏற ஏற வரியும் ஏறிற்று.

பேசித் தீர்த்த நகரம்

சிலுவைப் போருக்குப் புறப்படுவதாக 1215-லேயே பிரெடரிக் சத்தியம் செய்திருந்தார். ஆண்டுகள் பல கடந்தன, புறப்படவில்லை. இதற்கிடையே சிலுவைப் போர் வீரர்கள் எகிப்தின் தமியாத்தா துறைமுகத்தை 1219-ல் பிடித்தனர். எகிப்தின் சுல்தான் அல் மலிக்குல் காமில், தமியாத்தாவை விட்டால் ஜெருசலத்தைத் தருவதாகச் சொல்லி அனுப்பினார். இவர் ஸலாஹுத்தீன் ஐயூபியின் தம்பி மகன். போப்பாண்டவரின் பிரதிநிதி பேரத்துக்கு இணங்கவில்லை. முழு எகிப்தும் கைக்கு வரும் என்று நம்பினார். 1221-ல் நைல் வெள்ளத்தில் சேனை சிக்கிக்கொண்டது. தமியாத்தாவும் போயிற்று, ஜெருசலமும் கிடைக்கவில்லை.

பிறகு சுல்தானுக்கே சங்கடம் வந்தது. திமிஷ்கை ஆண்ட தம் சகோதரர் அல் முஅஸ்ஸமோடு பகை மூண்டது. துணை தேடிய சுல்தான், 1226-ல் அமீர் பக்ருத்தீன் என்பவரைப் பிரெடரிக்கிடம் தூதனுப்பினார். தமக்கு உதவியாக வந்தால் ஜெருசலத்தை விட்டுத் தருவதாகத் தெரிவித்தார்.

1227-ல் பிரெடரிக் கப்பலேறினார். ஆனால் சேனையில் கொள்ளைநோய் பரவி, தாமும் நோயுற்றுத் திரும்பினார். புதிதாகப் பட்டம் ஏற்ற போப்பாண்டவர் ஒன்பதாம் கிரிகோரி அதை நம்பவில்லை. சாக்குச் சொல்கிறார் என்று அவரை மதத்திலிருந்தே விலக்கி வைத்தார். பிரெடரிக் அந்த விலக்கோடு 1228-ல் மீண்டும் புறப்பட்டு, செப்டம்பரில் அக்கா துறைமுகத்தில் இறங்கினார். கையிலிருந்தது சிறிய சேனை. மத விலக்கு பெற்றவருக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று அங்கிருந்த கிறிஸ்தவ வீரர் சங்கத்தார் தயங்கினர். இத்தாலியிலோ போப்பாண்டவரின் சேனை அவருடைய சொந்த நாட்டுக்குள்ளேயே புகுந்தது.

சுல்தான் நிலையும் மாறியிருந்தது. சகோதரர் இறந்துவிட்டார், ஆகவே பிரெடரிக்கின் துணை தேவையில்லை. ஆயினும் திமிஷ்க் இன்னும் கைக்கு வரவில்லை. சகோதரர் மகன் அந்நாஸிர் தாவூது அதை வைத்திருந்தார். அந்த வேளையில் புதிதாக ஒரு போரை இழுத்துக்கொள்ளச் சுல்தான் விரும்பவில்லை. வந்தவருக்குப் போரிடப் பலமில்லை. இருந்தவருக்குப் போரிட விருப்பமில்லை. அமீர் பக்ருத்தீன் இருவருக்குமிடையே பல மாதம் நடந்தார்.

1229 பிப்ரவரி 18-ல், ஹிஜ்ரி 626-ல், உடன்படிக்கை ஏற்பட்டது. ஜெருசலமும் பெத்லஹேமும் நாஸரெத்தும், கடற்கரைக்குச் செல்லும் வழியும் பிரெடரிக்கைச் சேர வேண்டும். மஸ்ஜிதுல் அக்ஸாவும் குப்பத்துஸ் ஸக்ராவும் உள்ள ஹரம் ஷரீப் முஸ்லிம்கள் வசமே இருக்க வேண்டும். நகரத்து முஸ்லிம்களுக்குத் தங்கள் காழியே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இரு தரப்பாரும் போரிடக் கூடாது. மூன்றாவது சிலுவைப் போரில் ஒரு சக்கரவர்த்தியும் இரண்டு அரசர்களும் புறப்பட்டும் மீட்க முடியாத நகரம், ஒரு சண்டையும் இல்லாமல் கைமாறியது.

மார்ச் 17-ல் பிரெடரிக் ஜெருசலத்துக்குள் நுழைந்தார். அன்றிரவு நடந்ததாக அரபு வரலாற்றாசிரியர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்கள். விருந்தாளியின் மனம் நோகக் கூடாதென்று, உடனிருந்த நாபுலுஸ் காழி அன்று பாங்கு சொல்ல வேண்டாமென மோதினார்களைத் தடுத்துவிட்டாராம். காலையில் பிரெடரிக், இரவு பாங்கு ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தார். காழி காரணத்தைக் கூறினார். தமக்காக அவர்கள் தம் வழக்கத்தை மாற்றியது தவறு என்றும், தாம் அங்கே இராத்தங்கியதே அந்த ஓசையைக் கேட்கத்தான் என்றும் பிரெடரிக் கூறினாராம். வேதப் புத்தகத்தோடு அக்ஸாவுக்குள் புக முயன்ற ஒரு பாதிரியாரை அவர் கடிந்து விரட்டியதாகவும் எழுதியிருக்கிறார்கள்.

இரு பக்கமும் ஏச்சு

இப்படிப் போரை விலக்கியவர்களை யாராவது வாழ்த்தினார்களா? இல்லை. ஜெருசலத்தின் பெரிய பாதிரியார் அந்தப் புனித நகரிலேயே வழிபாட்டை நிறுத்தத் தடை போட்டார். மே மாதம் முதல் தேதி பிரெடரிக் அக்காவில் கப்பலேறப் போனபோது, கசாப்புக்காரர் தெருவில் மக்கள் அவர்மீது குடலையும் கழிவு இறைச்சியையும் வீசியெறிந்தனர். நகரத்தை மீட்டுக் கொடுத்தவருக்குக் கிடைத்த வழியனுப்பு உபசாரம் அதுதான்.

சுல்தானுக்கும் இதே கதிதான். திமிஷ்கின் பெரிய பள்ளிவாசலில் பிரசங்கங்கள் நடந்தன. மக்கள் கண்ணீர் வடித்தனர். ஸலாஹுத்தீன் இரத்தம் சிந்தி மீட்டதை இவர் பேச்சில் கொடுத்துவிட்டாரே என்று தூற்றினார்கள். அவர்களுடைய துயரம் பொய்யன்று. பைத்துல் முகத்தஸ் கைவிட்டுப் போவதை எவர்தாம் பொறுப்பார்! ஆயினும் உடன்படிக்கை நின்றது. 1238-ல் இறக்கும்வரை சுல்தான் சொன்ன சொல் மாறவில்லை, பிரெடரிக்கும் மாறவில்லை. இருவரும் தூதர்களையும் பரிசுகளையும் பரிமாறிக்கொண்டனர். சுல்தான் அனுப்பிய யானை ஒன்று, 1237-ல் பிரெடரிக் மிலான் நகரத்தாரை வென்றபோது, அவர்களுடைய கொடித் தேரை இழுத்துக்கொண்டு வெற்றி ஊர்வலத்தில் நடந்தது.

மறுபக்கம்

இனி மனம் வருந்தத்தக்க பகுதிக்கு வருவோம். ஜெருசலத்தில் பாங்கோசை கேட்க விரும்பிய இதே மனிதர், சொந்த நாடான சிசிலியின் முஸ்லிம் குடிகளை எப்படி நடத்தினார்?

பிரபுக்களின் கொடுமையால் மலைகளுக்கு ஒதுங்கியிருந்த அந்த மக்கள் இப்னு அப்பாது என்பவரின் தலைமையில் கிளர்ந்தெழுந்தனர். பிரெடரிக் போரிட்டு அவர்களை அடக்கினார். தலைவரைத் தூக்கிலிட்டார். மக்களை ஆயிரக்கணக்கில் தீவிலிருந்து பெயர்த்து, இத்தாலியின் தென்பகுதியிலுள்ள லூசெரா என்னும் ஊரில் குடியேற்றினார். பாட்டன் பூட்டன் உழுத நிலமும் நட்ட மரமும் அவர்களை விட்டுப் போயின. சிசிலியில் முஸ்லிம்களின் வாழ்வு அத்தோடு முடிந்தது.

லூசெராவில் அவர்களுக்குப் பள்ளிவாசலும் காழியும் தொழுகையும் மறுக்கப்படவில்லை. தலைவரியை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர்களிலிருந்து வில்லாளிகளைத் தம் சேனையில் சேர்த்தார். போப்பாண்டவரின் சாபத்துக்கு அஞ்சாத வீரர்கள் அவர்கள். போக வேறிடமும் இல்லை. ஆகவே உண்மையாக உழைத்தார்கள். எதிரே சமமாக நின்ற சுல்தானோடு அவர் பேரம் பேசினார். கைக்குள் இருந்த எளிய குடிகளோடு பேசவில்லை, ஆணையிட்டார்.

அவருடைய கடைசி ஆண்டுகள் கசப்பானவை. மூத்த மகன் ஹென்றி கலகம் செய்து, கைதியாகவே 1242-ல் மாண்டான். 1245-ல் லியோன் நகரில் கூடிய சபையில் போப்பாண்டவர் நான்காம் இன்னொசென்ட் அவருடைய பட்டங்களைப் பறித்ததாக அறிவித்தார். 1248-ல் பார்மாவில் தோல்வி. 1249-ல் பிரியமான மகன் என்ஸோ சிறைப்பட்டான். நெடுநாள் நம்பியிருந்த மந்திரி பியரோவே துரோகி என்று குற்றஞ்சாட்டப்பட்டார். 1250 டிசம்பர் 13-ல், ஐம்பத்தாறு வயது நிறையுமுன் பிரெடரிக் இறந்தார். பலெர்மோ மாதா கோயிலில் செங்கல்லறையில் அவர் உடல் இருக்கிறது.

அவர் கட்டிய அரசு இருபதாண்டு கூட நிற்கவில்லை. மகன் மான்பிரெட் 1266-ல் போரில் வீழ்ந்தார். பேரன் கொன்ராதீன் பதினாறு வயதில், 1268-ல், நேப்பிள்ஸில் சிரச்சேதம் செய்யப்பட்டான். லூசெராவின் முஸ்லிம்கள் மட்டும் ஒரு தலைமுறை அங்கே வாழ்ந்தார்கள். 1300-ல் நேப்பிள்ஸ் மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் அந்நகரை அழித்து, அவர்களில் பலரை அடிமைகளாக விற்றார். ஊரின் பெயரையும் மாற்றினார்.

ஜெருசலத்தில் ஹரம் ஷரீபும் காழியும் காக்கப்பட்டதற்குக் காரணம், ஒரு சுல்தான் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு ஷரத்தாகப் பேசி எழுதி வாங்கியதுதான். லூசெரா மக்களிடம் எழுத்தில் ஒன்றுமில்லை. ஓர் அரசரின் தயவு மட்டுமே இருந்தது. அந்த அரசர் போனார். அவர் வமிசம் போயிற்று. தயவும் கூடவே போயிற்று.

இந்தக் கதையை நாம் இரண்டு பக்கமும் வைத்து நினைத்துப் பார்க்கலாம். சமமானவரோடு பேசித் தீர்ப்பது மேலான காரியம். அதற்கு ஏச்சு வாங்கவும் துணிய வேண்டும். நமக்குக் கீழே, பேசும் பலமில்லாமல் நிற்பவரிடமும் அதே நியாயத்தோடு நடப்பது அதைவிடக் கடினமானது. பிரெடரிக் முதலாவதில் தேறினார், இரண்டாவதில் தவறினார். நம் கடையில் வேலை பார்க்கும் பையனிடமும், நம்மிடம் கடன்பட்டு நிற்பவரிடமும் நாம் எப்படி நடக்கிறோம் என்று இந்தச் சக்கரவர்த்தியின் வரலாறு நம்மையும் கேட்கிறது.