தகரத் தகட்டில் நன்றி எழுதிய ஓவிய மங்கை
மெக்சிகோ நாட்டு பிரீடா காலோவின் வாழ்க்கைக் கதை

ஆரணிக்குப் பக்கத்தில் படவேடு இருக்கிறது. அங்கே ரேணுகாம்பாள் கோவில் கொண்டிருக்கிறாள். ஆடி மாதம் வந்துவிட்டால் கூட்டம் அலைமோதும். ஆரணியில் தறி நெய்கிறவர்களும் குடும்பத்தோடு போய் வருவார்கள்.

பிள்ளைக்குக் கண்வலி என்றால் தாய் அம்மனை வேண்டிக்கொள்வாள். வலி தீர்ந்ததும் வெள்ளியில் கண்மலர் செய்து உண்டியலில் போடுவாள். கால் நோய் தீர்ந்தவர் வெள்ளிக் கால் செலுத்துவார். வசதி உள்ளவர்கள் அம்மனுக்குப் பட்டுச் சேலை சாத்துவார்கள்.

இந்த வழக்கம் நம் நாட்டில் மட்டும்தான் உண்டு என்று எண்ண வேண்டாம். கடல் கடந்து வெகு தூரத்தில் இருக்கும் மெக்சிகோவிலும் இது உண்டு. அங்கேயும் மாதா கோவில்களில் சின்னஞ் சிறு கை, கால், கண் ஆகியவற்றை உலோகத்தில் செய்து காணிக்கை கொடுப்பார்கள்.

அவர்கள் இன்னொன்றும் செய்வார்கள். தங்களுக்கு வந்த ஆபத்தையும், அதில் இருந்து தப்பிய விதத்தையும் ஒரு தகரத் தகட்டில் படமாகத் தீட்டச் சொல்லி, கோவில் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

அந்தத் தகரப் படங்களைப் பார்த்துத் தன் ஓவியத்துக்கு வழி கண்டவர் ஒரு பெண். உடல் நொறுங்கி, படுத்த படுக்கையிலும் படம் வரைந்தவர். உலகப் புகழ் பெற்ற அந்த ஓவியரின் பெயர் பிரீடா காலோ.

நீல வீட்டில் பிறந்தார்

மெக்சிகோ நகரத்தின் ஓரத்தில் கோயோகான் என்று ஓர் ஊர். அங்கே 1907-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி பிரீடா பிறந்தார். சுவர்களுக்கு நீல வண்ணம் பூசியதால், அவர்கள் வீட்டுக்கு நீல வீடு என்றே பெயர் வந்தது.

தந்தை கில்லர்மோ காலோ ஜெர்மனியில் இருந்து வந்து குடியேறியவர். போட்டோ பிடிப்பது அவர் தொழில். தாய் மதில்தே மெக்சிகோ நாட்டுப் பெண். மிகுந்த பக்தி உள்ளவர். அவர்களுக்குப் பிறந்த நான்கு பெண்களில் பிரீடா மூன்றாவது பெண்.

ஆறு வயதில் பிரீடாவை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பல மாதம் படுக்கையில் கிடந்தாள் சிறுமி. எழுந்தபோது வலது கால் சூம்பிப் போயிருந்தது. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள்.

தந்தை மனம் தளரவில்லை. மகளை ஓடச் சொன்னார், நீந்தச் சொன்னார், சைக்கிள் விடச் சொன்னார். தன் போட்டோ கடைக்கும் அழைத்துப் போனார். சிறிய தூரிகை கொண்டு போட்டோக்களைத் திருத்தக் கற்றுக் கொடுத்தார். பிற்காலத்தில் பிரீடா மயிரிழை போன்ற கோடுகளை வரைந்ததற்கு அந்தப் பயிற்சி உதவியது.

பிரீடாவுக்கு டாக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. 1922-ல் தலைநகரின் பெரிய பள்ளியில் சேர்ந்தார். அங்கே சுமார் 2,000 மாணவர்கள் படித்தார்கள். அவர்களில் பெண்கள் 35 பேர்தான்.

பஸ் மீது டிராம் மோதியது

1925-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி. பிரீடாவுக்கு வயது 18. நண்பர் ஒருவருடன் பஸ்சில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்.

எதிரே டிராம் வண்டி வந்தது. பஸ் மீது மோதியது. பஸ் நொறுங்கியது. கைப்பிடிக் கம்பி ஒன்று பிரீடாவின் இடுப்பில் பாய்ந்துவிட்டது.

பஸ்சில் யாரோ பொன்தூள் பொட்டலம் வைத்திருந்தார். அது உடைந்து சிதறியது. ரத்தத்தில் நனைந்து கிடந்த பிரீடாவின் மேல் பொன்தூள் படிந்தது. உடன் இருந்த நண்பர் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்.

முதுகெலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது. வலது காலில் பதினோரு முறிவு. பாதம் நசுங்கிவிட்டது. தோள்பட்டை விலகிவிட்டது. பிழைப்பாள் என்று டாக்டர்களே நம்பவில்லை.

செய்தி கேட்ட தாய் அதிர்ச்சியில் பேச்சற்றுப் போனார். தந்தையும் நோயில் விழுந்தார். மூத்த அக்காள்தான் ஓடி வந்து அருகில் இருந்து பார்த்துக்கொண்டாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிரீடா உயிரோடு வீடு திரும்பினார்.

ஆனால் டாக்டர் படிப்புக் கனவு அன்றோடு முடிந்தது.

படுக்கையில் ஒரு கண்ணாடி

மாதக் கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பொழுது எப்படிப் போகும்?

தாய் ஒரு தச்சரைக் கூப்பிட்டு, படுத்தபடியே படம் வரையும்படி ஒரு சட்டம் செய்யச் சொன்னார். கட்டிலின் மேல் பக்கத்தில் ஒரு கண்ணாடியையும் பொருத்தினார்கள். தந்தை தன் வண்ணப் பெட்டியைக் கொடுத்தார்.

கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. பிரீடா அதையே வரைந்தார். பிற்காலத்தில் அவர் வரைந்த ஓவியங்களில் ஐம்பதுக்கு மேற்பட்டவை தன்னைத் தானே வரைந்த படங்கள்தான். சேர்ந்த புருவமும், நேராகப் பார்க்கும் கண்ணுமாக இருக்கும் அந்த முகத்தை ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார்.

எழுந்து நடந்ததும் தன் படங்களை எடுத்துப் போய் டீகோ ரிவேராவிடம் காட்டினார். டீகோ மெக்சிகோவின் பெரிய சுவர் ஓவியர். படங்கள் அவரைக் கவர்ந்தன. படம் வரைந்த பெண்ணும் கவர்ந்தாள்.

1929 ஆகஸ்டு 21-ந் தேதி இருவருக்கும் கலியாணம் நடந்தது. பிரீடாவுக்கு வயது 22. டீகோவுக்கு 42. அவர் பருத்த உடம்புக்காரர், இவர் மெலிந்தவர். யானைக்கும் புறாவுக்கும் கலியாணம் என்று வீட்டிலேயே பேசிக்கொண்டார்கள்.

தகரப் படம் என்றால் என்ன?

இந்த இடத்தில் தகரப் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் காணிக்கைப் படம் வைக்கும் வழக்கம் இருந்தது. ஸ்பெயின்காரர்கள் அதை மெக்சிகோவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் பணக்காரர்கள்தான் துணியில் படம் எழுதி வைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் தகரத் தகடு மலிவாகக் கிடைத்தது. ஏழைகளும் படம் வைக்கத் தொடங்கினார்கள்.

படத்தில் மூன்று பகுதி இருக்கும்.

நடுவில் ஆபத்து. ஒருவர் குதிரையில் இருந்து விழுவார். ஒரு தாய் பிரசவத்தில் துடிப்பாள். ஒரு குழந்தை கிணற்றில் விழும்.

மேலே ஒரு மூலையில் மாதாவோ ஒரு புனிதரோ மேகத்தின் நடுவே தோன்றுவார்.

கீழே எழுத்து. யாருக்கு ஆபத்து வந்தது, எந்த ஊரில், எந்தத் தேதியில், எப்படித் தப்பினார் என்ற விவரம் இருக்கும். நன்றி செலுத்துகிறவரின் பெயரும் இருக்கும்.

இவற்றை வரைந்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத ஊர் ஓவியர்கள். எழுத்துப் பிழையும் இருக்கும். கையும் காலும் அளவு மீறி இருக்கும். ஆனால் பொய் இருக்காது. படித்தவர்கள் இந்தப் படங்களை மதிக்கவில்லை. பிரீடாவும் டீகோவும் தேடித் தேடி நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். நீல வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்டினார்கள்.

எழுதாமல் விட்ட நாடா

1932-ல் டீகோவுக்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் வேலை கிடைத்தது. பிரீடாவும் உடன் போனார். அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார்.

ஜூலை 4-ந் தேதி கர்ப்பம் கலைந்துவிட்டது. குழந்தை வேண்டும் என்று ஏங்கியவருக்கு அது பேரிடி. ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே பென்சிலும் தாளும் கேட்டு வாங்கினார்.

தகரப் படம் போல உலோகத் தகட்டில் தீட்டிப் பார்க்கும்படி டீகோ யோசனை சொன்னார். பிரீடா அப்படியே செய்தார். பரந்த வெளியில் ஒரு கட்டில். அதில் கண்ணீரோடு ஒரு பெண். காணிக்கைப் படத்தின் அமைப்புத்தான். ஆனால் வானத்தில் மாதா இல்லை. காப்பாற்ற யாரும் வரவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் தாய் இறந்துபோனார். பிரீடா தன் பிறப்பையே ஒரு தகட்டில் வரைந்தார். படத்தின் கீழே நன்றி எழுதுவதற்கான நாடாவையும் வரைந்தார். அதில் ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. வெறுமையாக விட்டுவிட்டார்.

தாயோ கோவிலே கதி என்று இருந்தவர். மகளுக்குக் கோவில் நம்பிக்கை போய்விட்டது. கும்பிட ஆள் இல்லாதபோது, நன்றியை யாருக்குச் சொல்வது? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கப் பல ஆண்டு ஆயிற்று.

பெற்றோர் பெயரால் நன்றி

டீகோவின் நடத்தை பிரீடாவைப் புண்படுத்தியது. 1939-ல் இருவரும் விவாகரத்து செய்துகொண்டார்கள். பிரீடாவின் உடல்நிலையும் மோசமாகியது.

அப்போது அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் இருந்த டாக்டர் லியோ எலோசர் அவரை வரவழைத்துச் சிகிச்சை செய்தார். பிரிந்த தம்பதிகளைச் சேர்த்து வைக்கவும் பாடுபட்டார். 1940 டிசம்பர் 8-ந் தேதி இருவரும் மறுபடியும் கலியாணம் செய்துகொண்டார்கள்.

அந்த டாக்டருக்குப் பிரீடா தன் உருவப் படம் ஒன்றை வரைந்து கொடுத்தார். அதன் கீழே ஒரு நாடா. இந்தத் தடவை நாடா வெறுமையாக இல்லை. டாக்டரின் பெயரையும், ஆண்டையும், அவர்மீது கொண்ட அன்பையும் அதில் எழுதினார்.

1943 வாக்கில் ஒரு பழைய தகரப் படம் பிரீடா கைக்கு வந்தது. யாரோ ஒருவர் எப்போதோ வைத்த காணிக்கை. பஸ் ஒன்று விபத்தில் சிக்கியிருக்கிறது. ஒரு பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். மேலே வியாகுல மாதா. பிரீடாவின் விபத்தைப் போலவே இருந்தது!

பிரீடா தூரிகையை எடுத்தார். கிடந்த பெண்ணுக்குத் தன்னைப் போலச் சேர்ந்த புருவம் வரைந்தார். வண்டிகளின் மேல் பெயர் எழுதினார். கீழே, 1925-ல் நடந்த விபத்தில் இருந்து மகள் பிரீடாவைக் காப்பாற்றியதற்காகப் பெற்றோர் இருவரும் வியாகுல மாதாவுக்கு நன்றி செலுத்துவதாக எழுதினார்.

அப்போது தாய் உயிரோடு இல்லை. தந்தையும் 1941-ல் காலமாகிவிட்டார். தன் பெயரால் மாதாவுக்கு நன்றி எழுதாத மகள், இறந்துபோன தாய் தந்தை பெயரால் எழுதினாள். விபத்து நடந்து ஏறக்குறைய 18 ஆண்டுக்குப் பிறகு எழுதினாள்.

சேலை கட்டிய பிரீடா

பிரீடா எப்போதும் தெகுவாந்தெபெக் பகுதிப் பெண்கள் உடுத்தும் நீண்ட பாவாடையும் பூவேலைச் சட்டையும் அணிவார். சூம்பிய கால் அதில் மறைந்துவிடும். தன் நாட்டு நெசவை உலகம் பார்க்க வேண்டும் என்ற பெருமையும் உண்டு.

அவர் நம் சேலையையும் கட்டியிருக்கிறார். நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டின் மகள்கள் இருவர் 1947-ல் மெக்சிகோவில் பிரீடாவைச் சந்தித்தார்கள். மூவரும் சேலையில் நிற்கும் போட்டோ இன்றும் இருக்கிறது. கழுத்து நிறைய நகையும் தலை நிறையப் பூவுமாக, நம் வீட்டுக் கலியாணப் பந்தலில் நிற்கும் பெண் போலவே பிரீடா இருக்கிறார்.

மாதா இருந்த இடத்தில் டாக்டர்

1950-ல் பிரீடா மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். முதுகெலும்பில் ஏழு ஆபரேஷன் நடந்தது. ஒன்பது மாதம் அங்கேயே கிடந்தார். டாக்டர் ஹுவான் பரில் அவரைப் பிழைக்க வைத்தார்.

வீடு திரும்பியதும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தார். 1951-ம் ஆண்டுப் படம் அது. அதில் பிரீடா சக்கர நாற்காலியில் இருக்கிறார். மடியில் வண்ணம் குழைக்கும் பலகை இருக்க வேண்டிய இடத்தில் இதயம் இருக்கிறது. கையில் உள்ள தூரிகைகளில் ரத்தம் சொட்டுகிறது. பக்கத்தில் டாக்டர் பரிலின் பெரிய உருவப் படம்.

காணிக்கைப் படத்தில் மாதா இருக்கும் இடம் அது. அங்கே தன் உயிரைக் காத்த மனிதரை வைத்தார் பிரீடா. இதயத்தையே வண்ணமாகக் குழைத்து அவருக்கு நன்றி சொன்னார். யாருக்கு நன்றி சொல்வது என்ற பழைய கேள்விக்கு இதுதான் அவர் கண்ட பதில்.

கட்டிலோடு வந்தார்

1953 ஏப்ரலில் மெக்சிகோவில் பிரீடாவின் ஓவியங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடந்தது. சொந்த நாட்டில் அவருக்கு அப்படி ஒரு கண்காட்சி நடந்தது அதுவே முதல் தடவை. எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். பிரீடா கட்டிலை முன்னால் அனுப்பினார். ஆம்புலன்சில் பின்னால் வந்தார். கட்டிலில் படுத்தபடியே எல்லோரையும் வரவேற்றார்.

அந்த ஆகஸ்டில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டு, 1954 ஜூலை 13-ந் தேதி, தான் பிறந்த நீல வீட்டிலேயே பிரீடா கண்ணை மூடினார். வயது 47.

நீல வீடு 1958-ல் அருங்காட்சியகம் ஆயிற்று. உலகெங்கும் இருந்து மக்கள் வருகிறார்கள். பிரீடா சேர்த்த தகரப் படங்களும் அங்கே இருக்கின்றன. குதிரையில் இருந்து விழுந்தவரும், பிரசவத்தில் பிழைத்த தாயும், வரைந்த ஏழை ஓவியரும் என்றோ மறைந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன நன்றி மட்டும் சுவரில் இருக்கிறது.

நமக்கு உதவியவர்களை நாமும் மனதில் நினைத்துக்கொள்கிறோம். அதோடு விட்டுவிடுகிறோம். ஆபத்து வேளையில் ரத்தம் கொடுத்தவர், நள்ளிரவில் வண்டி பிடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர், பாவு அறுந்து வேலை நின்றபோது தறியில் வந்து உட்கார்ந்து கைகொடுத்த பங்காளி என்று எத்தனை பேர்!

ஒரு தாள் போதும். என்ன நடந்தது, எந்தத் தேதி, உதவியவர் யார் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். படம் போடத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மேலே ஒரு படமும் போடட்டும். எழுதியதை, உதவியவர் இருக்கும்போதே அவர் கையில் கொடுங்கள்.