250 மைல் தள்ளி அப்பா... பனிக்கடலில் சிக்கிய அம்மாவும் மகளும்! - ஜோசஃபின் பியரியின் கதை

கிரெடிட் கார்டு பாயின்ட்ஸ், ஏர்லைன் மைல்ஸ் எல்லாத்தையும் ரெண்டு மூணு வருஷமா சேர்த்து வெச்சு, இந்த டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோட பனி பார்க்கக் கிளம்பணும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கீங்களா? குழந்தைக்குத் தெர்மல் டிரெஸ் வாங்கணும், கிளவுஸ் வாங்கணும், ஹோட்டல் ரூம்ல ஹீட்டர் இருக்கான்னு பார்க்கணும், முக்கியமா ரிட்டர்ன் டிக்கெட் கன்ஃபார்ம் ஆகணும். ஒரு வாரப் பயணத்துக்கே இவ்வளவு டென்ஷன்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. வருஷம் 1900. விமானமே கிடையாது. ஓர் அம்மா, ஏழு வயது நிறையாத தன் மகளைக் கூட்டிக்கொண்டு வட துருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பனிக்கடலுக்குக் கப்பல் ஏறுகிறார். கணவரைப் பார்த்துவிட்டு, கோடை முடிவதற்குள் திரும்பிவிடுவதுதான் திட்டம். ஆனால், கடல் உறைந்துபோக, ரிட்டர்ன் டிக்கெட் ஏறத்தாழ ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று அந்தக் கப்பலுக்குள்ளேயே அவருக்காகக் காத்திருந்தது.

அந்த அம்மாவின் பெயர் ஜோசஃபின் பியரி. வட துருவத்தைத் தொட்டதாக அறிவித்த அமெரிக்கர் ராபர்ட் பியரியின் மனைவி. ஸ்கூல் புத்தகத்தில் கணவர் பெயரை நீங்க படிச்சிருப்பீங்க. மனைவியின் கதை அதைவிட சுவாரஸ்யமானது.

நடன வகுப்பில் தொடங்கிய காதல்

1863-ம் ஆண்டு மே 22-ம் தேதி அமெரிக்காவின் மேரிலாண்ட் மாகாணத்தில் பிறந்தவர் ஜோசஃபின். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். அப்பாவுக்கு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வேலை. பெண்கள் ஆபீஸ் வேலைக்குப் போவதே அரிதாக இருந்த அந்தக் காலத்தில், பிசினஸ் காலேஜில் படித்துவிட்டு ஜோசஃபினும் ஸ்மித்சோனியனில் வேலை பார்த்தார்.

ஒரு நடன வகுப்பில்தான் ராபர்ட் பியரியைச் சந்தித்தார். பியரி அமெரிக்கக் கடற்படையில் சிவில் இன்ஜினீயர். மனசு முழுக்க ஆர்க்டிக். யாரும் போகாத இடத்துக்கு முதல் ஆளாகப் போய், தன் பெயரை உலகம் நினைவில் வைத்திருக்கும்படி செய்ய வேண்டும் என்ற வெறி. 1888 ஆகஸ்ட் 11-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. மூன்றாவது திருமண நாளை அவர்கள் கிரீன்லாந்தில் கொண்டாடினார்கள்.

ஆறு ஆண்கள், ஒரு பெண்

1891-ல் வடக்கு கிரீன்லாந்துக்குக் கிளம்பிய பியரி, மனைவியையும் உடன் அழைத்துப் போனார். ஒரு பெண்ணை அந்தப் பனிக்கா கூட்டிட்டுப் போறதுன்னு ஊரே முணுமுணுத்தது. ஜோசஃபின் கண்டுகொள்ளவில்லை. அப்போது அவருக்கு 28 வயது.

போகிற வழியிலேயே சோதனை. கப்பலின் சுக்கான் கட்டையில் மாட்டி பியரியின் கால் எலும்பு முறிந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள். பியரியைப் பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டுபோய்க் கரையில் இறக்கினார்கள். மெக்கார்மிக் வளைகுடாவில் ரெட் கிளிஃப் ஹவுஸ் என்ற சின்ன மர வீடு எழும்பியது. இரண்டே அறைகள். ஒன்றில் பியரி தம்பதி, இன்னொன்றில் மற்ற ஐந்து ஆண்கள்.

அங்கே சூரியன் அக்டோபர் கடைசியில் மறைந்தால், பிப்ரவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். இடையில் மூன்றரை மாதங்களுக்கும் மேல் ஒரே இருட்டு. அந்த இருட்டில் சமையல், கணவருக்குப் பணிவிடை, பயணத்துக்கான தோல் உடைகள் தைக்கிற வேலையைப் பார்த்துக்கொள்வது என்று ஜோசஃபினுக்கு ஓயாத வேலை. உடைகளைத் தைத்தவர்கள் இனுயிட் பெண்கள். அவர்களுடைய கைத்திறன் இல்லையென்றால், அந்தக் குளிரில் யாராலும் ஒரு பயணம்கூடப் போயிருக்க முடியாது. ஜோசஃபினும் நன்றாகத் துப்பாக்கி சுடுவார். ஒருமுறை இவர்களுடைய படகை வால்ரஸ் கூட்டம் சூழ்ந்துகொண்டு முட்ட வந்தபோது, ஆண்கள் சுடச் சுட, காலியான துப்பாக்கிகளில் குண்டு நிரப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தவர் இவர்தான்.

கால் சரியானதும் பியரி பனிப்பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பினார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் எந்தத் தகவலும் இல்லை. போன்ல டபுள் டிக் வரலைன்னாலே நமக்குப் பதறுது இல்லையா? ஜோசஃபின் அந்த மூன்று மாதமும் மலைச்சரிவைப் பார்த்தபடி காத்திருந்தார். 1892 ஆகஸ்ட்டில் பியரி உயிரோடு வந்து சேர்ந்தார். ஊர் திரும்பியதும் ஜோசஃபின் தன் ஆர்க்டிக் நாள்குறிப்பைப் புத்தகமாக வெளியிட்டார். இன்று அதைப் படித்தால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, அவருடைய தைரியம். மற்றொன்று, இனுயிட் மக்களின் சுத்தம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் வாஷிங்டன் வீட்டுக் கண்ணாடி வழியாகவே அவர் எடை போட்டது. கூடவே இருந்தாலும், அவர்களைத் தனக்குச் சமமாகப் பார்க்க அவருக்கு வெகு காலம் ஆனது.

பனிக்குழந்தை வந்தாள்!

1893-ல் அடுத்த பயணம். இந்த முறை ஜோசஃபின் கர்ப்பிணி. ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருங்கள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். அவரோ ஒரு நர்ஸைத் துணைக்கு வைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். செப்டம்பர் 12-ம் தேதி, கிரீன்லாந்தின் போடன் வளைகுடாக் கரையில் கட்டிய வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. மேரி ஆனிகிட்டோ பியரி. குழந்தைக்கு முதல் தோல் உடையைத் தைத்துக் கொடுத்த இனுயிட் பெண்ணின் பெயர்தான் ஆனிகிட்டோ. அதையே மகளின் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு வெளுத்த குழந்தையை இனுயிட் மக்கள் பார்த்ததில்லை. பனியில் செய்ததோ என்று தொட்டுப் பார்க்கத் தூரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். அப்படித்தான் அவளுக்குப் பனிக்குழந்தை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிறந்து சில வாரங்களிலேயே சூரியன் மறைந்துவிட்டதால், முதல் குளிர்காலம் முழுக்க விளக்கு வெளிச்சத்தில்தான் வளர்ந்தாள். மறுபடி வெயில் ஜன்னல் வழியே உள்ளே விழுந்தபோது, அந்த வெளிச்சத்தையே கையால் பிடிக்கப் பார்த்தாளாம்.

1894-ல் குழந்தையோடு ஃபால்கன் என்ற கப்பலில் ஜோசஃபின் ஊர் திரும்பினார். இவர்களை இறக்கிவிட்டுத் திரும்பிய அதே கப்பல், போகிற வழியில் ஆட்களோடு கடலில் காணாமல் போனது. பியரி மட்டும் இரண்டு பேருடன் கிரீன்லாந்திலேயே தங்கிவிட்டார். அவரை அழைத்து வர 1895-ல் கப்பல் அனுப்ப வேண்டும். கையில் காசு இல்லை. நம்மை மாதிரி சேர்த்து வைத்த மைல்ஸும் இல்லை. ஜோசஃபின் மேடை ஏறிப் பேசினார், பெரிய மனிதர்களின் கதவைத் தட்டினார், நன்கொடை திரட்டினார். கப்பல் போனது. கணவர் வந்தார்.

1897 கோடைப் பயணத்தில் நான்கு வயதுகூட நிறையாத மேரியும் போனாள். பியரி அந்த முறை அங்கிருந்து கொண்டுவந்தது சுமார் 31 டன் எடையுள்ள ஒரு விண்கல். அதற்கும் ஆனிகிட்டோ என்றே பெயர். நியூயார்க் அருங்காட்சியகத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம். பல நூறு ஆண்டுகளாக இனுயிட் மக்கள் கத்திக்கும் ஈட்டிக்கும் இரும்பு எடுத்த கற்களில் அதுவும் ஒன்று. அதே கப்பலில் ஆறு இனுயிட் மனிதர்களையும் பியரி நியூயார்க்குக்கு அழைத்து வந்தார். சில மாதங்களுக்குள் அவர்களில் நான்கு பேர் நோயில் இறந்துபோனார்கள். மினிக் என்ற சிறுவன் அநாதையாக நின்றான். பியரியின் புகழுக்குப் பின்னால் இந்தக் கறையும் உண்டு.

கோடைப் பயணம் குளிர்காலம் ஆனது

1898-ல் பியரி நான்கு வருடத் திட்டத்தோடு வடக்கே போனார். ஜோசஃபின் மறுபடி கர்ப்பம். 1899 ஜனவரியில் இரண்டாவது மகள் ஃபிரான்சின் பிறந்தாள். அதே ஜனவரியில், அங்கே பியரியின் கால்கள் பனியில் விறைத்து விரல்கள் கருகின. கடைசியில் எட்டு விரல்களை இழந்தார். இங்கே அந்தக் குழந்தை ஏழு மாதங்களே வாழ்ந்து, ஆகஸ்ட்டில் நோயில் இறந்துபோனது. அப்பா அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

குழந்தையைப் புதைத்த சோகம் ஒருபக்கம், கணவரின் கால்கள் பற்றி வந்த சேதி ஒருபக்கம். நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? ஜோசஃபின் மகளை அழைத்துக்கொண்டு 1900 ஜூலையில் விண்ட்வார்டு என்ற கப்பலில் கிளம்பிவிட்டார்.

எட்டா என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பியரி அங்கே இல்லை. எதிர்க்கரையில் எல்ஸ்மியர் தீவின் பேயர் துறைமுகத்துக்குக் கப்பல் போனது. அங்கும் இல்லை. கடல் இறுகத் தொடங்கியது. கப்பல் அசைய முடியாமல் மாட்டிக்கொண்டது. பியரி அங்கிருந்து சுமார் 250 மைல் வடக்கே ஃபோர்ட் காங்கர் என்ற முகாமில் இருந்தார். மனைவியும் மகளும் இவ்வளவு பக்கத்தில் வந்திருப்பது அவருக்குத் தெரியாது.

கப்பலில் ஏறியிருந்த இனுயிட் மக்களில் அலெகாசினா என்ற இளம்பெண்ணும் ஒருத்தி. கையில் ஒரு ஆண் குழந்தை. அது பியரியின் குழந்தை என்பதை அவள் ஒளிவுமறைவில்லாமல் ஜோசஃபினிடம் சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் மறைக்க எதுவும் இருக்கவில்லை. பியரியோடு அவளுக்கு உறவு ஏற்பட்டபோது அவள் பதின்பருவத்துப் பெண் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

ஜோசஃபினுக்கு எப்படி இருந்திருக்கும்? கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக வழியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழ ஒரு தனி வீடு இல்லை. சுற்றிலும் பனி. அதே கப்பலில் அந்தப் பெண். பக்கத்தில் எதுவும் புரியாத மகள். கணவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் ஆத்திரம் இருந்தது, அவமானம் இருந்தது, இறந்துபோன குழந்தையின் நினைவு இருந்தது, அத்தனைக்கும் நடுவே அன்பும் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் அலெகாசினா கடுமையாக நோய்வாய்ப்பட்டாள். அவளைக் கவனித்துக்கொண்டவர் ஜோசஃபின்தான். மன்னித்துவிட்டார் என்று இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். ஒரு குழந்தையை இழந்த தாய், இன்னொரு குழந்தையின் தாய் சாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவ்வளவுதான்.

மேரிக்கு இதெல்லாம் தெரியாது. ஏழாவது பிறந்தநாளைக் கப்பலில் கொண்டாடினாள். கிறிஸ்துமஸும் அங்கேதான். அம்மா பாடம் சொல்லிக்கொடுத்தார். இனுயிட் குழந்தைகளோடு பனிச்சறுக்கி விளையாடினாள், அவர்கள் மொழியில் பேசினாள். உள்ளே எரிந்துகொண்டிருந்த அம்மா, மகளுக்கு அந்தக் குளிர்காலத்தை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார். குழந்தைகளை வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டையை மறைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். இவர் அதை ஒரு கப்பலுக்குள் மாதக்கணக்கில் செய்தார்.

1901 மே 6. பியரியின் 45-வது பிறந்தநாள். தெற்கு நோக்கிப் பனிவண்டியில் வந்தவர் கப்பலைப் பார்த்தார். விரல்கள் இல்லாத கால்களோடு தத்தித்தத்தி நடந்து வந்த அப்பாவை, ஏறத்தாழ மூன்று வருடங்களுக்குப் பிறகு மேரி பார்த்தாள். அந்தக் கோடையில் பனி விலகியதும் அம்மாவும் மகளும் ஊர் திரும்பினார்கள். பியரி வரவில்லை. துருவம் இன்னும் பாக்கி இருந்தது.

அதன் பிறகு...

ஜோசஃபின் கணவரை விட்டு விலகவில்லை. 1901-ல் பனிக்குழந்தையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைக் குழந்தைகள் விரும்பிப் படித்தார்கள். 1903-ல் மகன் ராபர்ட் பிறந்தான். பியரிக்கும் அலெகாசினாவுக்கும் 1906 வாக்கில் காலி என்ற இன்னொரு மகன் பிறந்தான். 1909 ஏப்ரல் 6-ல் வட துருவத்தை அடைந்ததாகப் பியரி அறிவித்தார். உடலில் சுற்றி அவர் எடுத்துப்போனது ஜோசஃபின் கையால் தைத்த பட்டுக்கொடி. 1891-ல் அவரது முறிந்த காலுக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டர் ஃபிரெடெரிக் குக், தானே முதலில் போனதாகச் சொல்ல, அந்தச் சண்டை வருடக்கணக்கில் நீண்டது. பியரி உண்மையிலேயே துருவத்தைத் தொட்டாரா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. அந்த விண்கல்லை 40,000 டாலருக்கு அருங்காட்சியகத்துக்கு விற்றுக் குடும்பத்தைப் பத்திரப்படுத்தியவரும் ஜோசஃபின்தான்.

1920-ல் பியரி இறந்தார். அதற்குப் பின் 35 வருடங்கள் வாழ்ந்தார் ஜோசஃபின். 1955-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. அதே வருடம் டிசம்பர் 19-ல், 92 வயதில் காலமானார். பனிக்குழந்தை மேரி 1932-ல் மறுபடி கிரீன்லாந்துக்குப் போய், கேப் யார்க்கில் அப்பாவுக்கு நினைவுத்தூண் எழுப்பினார். 1987-ல், எண்பது வயதைத் தொட்ட காலியும் அமெரிக்கா வந்து, தன் அப்பாவின் கல்லறையைப் பார்த்தார். அந்தக் கல்லறையில் ஜோசஃபினும் இருக்கிறார்.

இந்த டிசம்பர்ல உங்க பாயின்ட்ஸ் எல்லாம் சேர்ந்து டிக்கெட் கிடைச்சா, சந்தோஷமா போயிட்டு வாங்க. குழந்தைங்க பனியைக் கையில அள்ளி விளையாடுறப்போ, மேரியோட கதையைச் சொல்லுங்க. அவங்க தூங்கின பிறகு, ஜோசஃபினைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் பேசுங்க. அந்தக் கப்பல்ல நீங்க இருந்திருந்தா அந்தக் கடிதத்துல என்ன எழுதியிருப்பீங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்டுப் பாருங்க.