இராணி இராசமணி அம்மையார்

தட்சிணேசுவரம் என்ற பெயரைக் கேட்டதும் எமது நெஞ்சில் எழுவது ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்சருடைய திருவுருவமே. அத்திருக்கோயிலை எடுப்பித்த அம்மையாரின் பெயரை அறிந்தோர் எம்மவருள் சிலர். அவருடைய வரலாற்றை அறிந்தோர் அவரினும் சிலர். நான்கு பெண்மக்களைப் பெற்று வளர்த்த தாயாயும், கைம்மையுற்ற பின்னும் ஏழை எளியவருக்குத் துணையாயும் வாழ்ந்த அப்பெருமாட்டியை இம்மலரிலே நினைவுகூர விரும்பினோம்.

வங்காளத்தில் ஹாலிசகருக்கு அண்மையிலுள்ள கோனா என்னும் சிற்றூரில் 1793ஆம் ஆண்டு இராசமணி பிறந்தார். தந்தையார் ஏழை, கைவர்த்தர் என்னும் குலத்தவர். அக்குலத்தாரை அந்நாளைய உயர்குலத்தார் தாழ்வாகவே மதித்தனர். வாசகர்கள் இதனை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். இராணி என்பது தாயார் செல்லமாக இட்டழைத்த பெயரேயன்றி அரச பட்டமன்று. அத்தாயாரை இராசமணி ஏழு வயதிலேயே இழந்தார். பதினோராம் வயதிலே கல்கத்தா ஜான்பஜாரைச் சேர்ந்த பெருஞ்செல்வர் இராஜசந்திரதாசருக்கு வாழ்க்கைப்பட்டார். அக்காலத்து வழக்கம் அது. நாம் அதனைப் போற்றவேண்டியதில்லை. இல்லறம் நல்லறமாகவே நடந்தது. இராஜசந்திரர் 1830இல் கங்கைக் கரையில் நீராடுவோருக்காகக் கட்டிய படித்துறை இன்றும் பாபு காட் என்றே வழங்குகின்றது.

1836இல் கணவர் காலமானார். நாற்பது வயதைக் கடந்த அம்மையாரின் கையில் பெருஞ்சொத்தும் குடும்பமும் வந்து சேர்ந்தன. திரைக்குப் பின்னிருந்தே பேசவேண்டிய காலம் அது. ஆயினும் மருமகனார் மதுர்மோகன் பிசுவாசரைத் துணையாகக் கொண்டு கணக்கு வழக்கு யாவற்றையும் தாமே மேற்பார்வை செய்தார். தீர்த்த யாத்திரைக்குப் போகும் ஏழைகள் பூரி செல்லும் வழியிற் படும் துன்பத்தைக் கண்டு, சுவர்ணரேகை ஆற்றங்கரையிலிருந்து தம் செலவிலே பாதை அமைப்பித்தார் என்பர்.

அம்மையாருடைய மதிநுட்பத்திற்கு மீனவர் வழக்கு ஒன்றே போதிய சான்று. கங்கையில் மீன் பிடிப்போரின் தோணிகள் கப்பற் போக்குவரத்திற்கு இடையூறு என்று சொல்லிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்கள்மீது வரி விதித்தனர். நாளாந்தம் வலை வீசி உண்பவர்கள் வரிக்கு எங்கே போவார்கள்? அவர்கள் அம்மையாரிடம் வந்து முறையிட்டனர். அம்மையார் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. பத்தாயிரம் ரூபா கொடுத்து, குசுரி முதல் மெட்டியாபுரூஸ் வரையுள்ள ஆற்றுப் பகுதியை அதே கம்பெனியாரிடம் குத்தகைக்கு எடுத்தார். எடுத்ததும் குறுக்கே இரும்புச் சங்கிலிகளைப் பூட்டுவித்தார். கப்பல்கள் நின்றுவிட்டன. காரணம் கேட்டபோது, கப்பல்கள் ஓடினால் மீன்கள் கலைந்துவிடும், குத்தகைக்காரருக்கு நட்டம் நேரும் என்று விடை சென்றது. தாம் விற்ற உரிமையையே மறுக்க முடியாது திகைத்த கம்பெனியார், குத்தகைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீன்பிடி வரியையும் நீக்கினர். கூச்சலிட்டு வெல்ல முடியாததைச் சட்டத்தைப் படித்து வென்றார் அம்மையார். சங்கக் கூட்டங்களிலே தீர்மானங்களை மாத்திரம் நிறைவேற்றிக் கலையும் நாம் இதனைச் சற்றே சிந்திப்பது நலம்.

1847இல் காசி யாத்திரைக்குப் புறப்பட ஓடங்கள் பல ஆயத்தமாயின. புறப்படுமுன் அம்பிகை கனவிலே தோன்றி, கங்கைக் கரையிலேயே தமக்கு ஆலயம் அமைக்குமாறு பணித்தனள் என்பது வரலாறு. அம்மையார் யாத்திரையை நிறுத்திக் காணி தேடலானார். மேற்குக் கரையிலே காணிக்காரர் விற்க மறுத்தனர். கிழக்குக் கரையில், தட்சிணேசுவரத்திலே, ஏறக்குறைய இருபது ஏக்கர் நிலம் கிடைத்தது. காளி கோயில், இராதாகிருஷ்ணர் கோயில், பன்னிரு சிவாலயங்கள் என எல்லாம் நிறைவெய்த எட்டு ஆண்டுகள் சென்றன. ஏறக்குறைய ஒன்பது இலட்சம் ரூபா செலவாயிற்று.

பணத்தால் முடியாத காரியம் ஒன்று எஞ்சியிருந்தது. தாம் பெற்ற பிள்ளைகளுக்குச் சோறூட்டியதுபோல அம்பிகைக்கும் அன்னம் நிவேதிக்க அம்மையார் ஆசைப்பட்டார். தாழ்ந்த குலத்தவர் கோயிலில் அன்ன நிவேதனம் ஆகாது எனப் பண்டிதர்கள் ஒருவர் பின் ஒருவராய் மறுத்தெழுதினர். கல்கத்தாவிலே பாடசாலை நடத்திய இராம்குமார் சட்டோபாத்தியாயர் ஒருவரே வழி சொன்னார். கோயிலைப் பிராமணர் ஒருவருக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் குற்றமில்லை என்பது அவர் முடிபு. அம்மையார் உடன்பட்டுக் கோயிலைத் தம் குருவின் பெயருக்கு ஆக்கினார். தாம் கட்டிய கோயிலைத் தமதன்று என்று சொன்ன பின்னரே அதில் அன்னம் படைக்க முடிந்தது! 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில் நடந்தவற்றைக் கண்டறிந்த எம் மூத்தோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அதன் பின்னரும் பூசகர் கிடைக்காமையால் இராம்குமாரே அப்பணியை ஏற்றார். 1855ஆம் ஆண்டு மே 31ஆந் தேதி பிரதிட்டை நிகழ்ந்தது. அன்று கோயிற் பிரசாதத்தை உண்ண மறுத்து, கடையில் பொரி வாங்கி உண்டவர் இராம்குமாரின் பத்தொன்பது வயதுத் தம்பி கதாதரர். அவரே பின்னர் அங்குப் பூசகராகி, பரமஹம்சராய் விளங்கினார். ஒருநாள் அம்மையார் சந்நிதியிலிருந்தவாறே வழக்கொன்றை எண்ணிக்கொண்டிருந்ததை உணர்ந்து, அவர் அம்மையாரைக் கையால் அடித்துவிட்டார். ஊழியர் சினந்தெழுந்தனர். அம்மையாரோ பிழை தம்முடையதே என ஒப்பி, பூசகரை ஒருவரும் ஒன்றும் செய்யலாகாதென்று தடுத்தார். அன்று அவர் சினந்து அந்த இளைஞரை விலக்கியிருப்பின் தட்சிணேசுவரத்தின் வரலாறே வேறாயிருக்கும். நரேந்திரர் வந்து பரமஹம்சரடி சேர்ந்ததும் அக்கோயில் வளவிலேயே. அவர் விவேகானந்தராய் 1897 சனவரியில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் முழங்கியதை நாம் அறிவோம்.

கோயிற் செலவிற்காக அம்மையார் தினாஜ்பூரில் நிலம் வாங்கியிருந்தார். தரும உறுதியை முடிக்காமலே நோய்வாய்ப்பட்டார். நான்கு மக்களுள் எஞ்சியிருந்தவர் இருவர். நிலத்தில் தமக்கு உரிமையில்லை எனக் கையொப்பமிடுமாறு அவர்களைக் கேட்டார். இளையவர் ஜகதம்பா ஒப்பமிட்டார்; மூத்தவர் பத்மமணி மறுத்துவிட்டார். ஆற்றையும் ஆட்சியையும் வென்ற தாய்க்குத் தம் மகளின் மனத்தை அசைக்க முடியவில்லை. 1861 பெப்ரவரி 18ஆந் தேதி அம்மையார் தாமே உறுதியை நிறைவேற்றினார். அடுத்த நாள், காளிகாட்டில் ஆதிகங்கைக் கரையிலுள்ள இல்லத்தில், அக்கவலை தீராமலே இறைவியின் திருவடி சேர்ந்தார்.